நெய்தல் நிலமும் நுகர்ச்சி வேட்கையும்

உயிர் வாழ்வார்க்கு உணவும் உறையுளும் இன்றியமையாதன. மக்கட்கு இவற்றோடு உடையும் வேண்டும். இம்மூன்றும் முட்டின்றிக் கிடைத்த பின்னரும் மனிதன் அமைதி கொள்வதில்லை. கண்டதை விரும்புகின்றான், பிறன் ஒருவன் வைத்திருப்பதைத் தானும் பெற விழைகின்றான், வாங்கிய பொருள் பழையதாகுமுன்னே புதியதொன்றை நாடுகின்றான். தேவைக்கு ஓர் எல்லை உண்டு, வேட்கைக்கு எல்லையில்லை. அவ்வேட்கையையே முதலாக வைத்து வாணிகம் பெருகுங்கால் ஒரு நிலமும் அதனைச் சார்ந்து வாழும் மக்களும் என்ன நிலையை அடைவர் என்பதை நாம் வேற்று நாட்டு நூல்களில் தேட வேண்டுவதில்லை. நம் கடற்கரையின் வரலாறே அதனைக் கூறும். அவ்வரலாற்றைச் சுருங்க உரைத்து, அதனால் நம் குலத்தார் அறிந்து கைக்கொள்ள வேண்டுவது இன்னதெனக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உப்பின் பெருமை

உப்பூர் என்னும் நம் ஊர்ப்பெயரை உப்பு, ஊர் எனப் பிரித்துப் பொருள் கொள்ளுதல் இயல்பு. பாக்கு விரிகுடாவின் கரையில், தேவிபட்டினத்திற்கு வடக்கே, தொண்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது நம் ஊர். சேது யாத்திரை செல்வோர் இங்குள்ள வெயிலுகந்த விநாயகரை வணங்கிப் பின்னர்த் தேவிபட்டினத்து நவபாடாணத்திற்குச் செல்லுதல் நெடுநாளைய வழக்கம். நெய்தல் நிலத்தின் பழைய பண்டம் உப்பு. உமணர் என்பார் உப்பு மூட்டைகளை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டிற்குச் சென்று, அதனை நெல்லுக்கு மாற்றினர் என்று சங்க நூல்களால் அறிகின்றோம்.

இவ்வுப்பிற்கு ஒரு தனிப் பெருமை உண்டு. எத்துணைப் பெருஞ் செல்வனாயினும் ஏழையினும் மிகுதியாக உப்புண்ண அவனால் இயலாது. அவன் நாவே அவனுக்கு அளவுகோல். பிறர் கண்டு வியக்கும்பொருட்டு உப்பைக் குவித்து வைப்பாரும் இலர். ஆதலின் உப்பு வாணிகம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நடந்தும், உப்பின்மேல் கொண்ட ஆசையால் ஒரு கடல் கெட்டது என்னும் செய்தி இல்லை. கடலினின்றும் எடுக்கப்பெற்ற மற்றைப் பொருள்களோ இத்தன்மையன அல்ல. அவற்றுக்கு அளவுகோல் நாவன்று. கண்ணும் மனமுமே ஆகும். இவ்வேறுபாட்டை உள்ளத்திற் கொண்டு மேற்செல்வோம்.

முத்தும் உரோமர் புலம்பலும்

கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமாபுரி உலகின் பெருஞ் சந்தையாய் விளங்கிற்று. அந்நகரத்துச் செல்வர் வீட்டு மகளிர் பாண்டி நாட்டு முத்தைப் பெரிதும் விரும்பினர். அதற்கு விலையாகப் பொன்னும் வெள்ளியும் நம் நாட்டிற்கு வந்து குவிந்தன. வையை கடலொடு கலக்கும் இடத்தருகேயுள்ள அழகன்குளத்தில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் 1986-ஆம் ஆண்டு தொடங்கி நிகழ்த்திய அகழாய்வுகளில் உரோம நாணயங்களும், கப்பலின் உருவம் கீறப்பெற்ற பானை ஓடும் கிடைத்துள்ளன. நம் ஊரிலிருந்து ஒரு பகற்பொழுதிற் சென்று கண்டு மீளத்தக்க இடம் அது.

இவ்வாணிகத்தைக் கண்டு உரோமரிடையே மகிழ்ந்தவரும் உண்டு, வருந்தியவரும் உண்டு. கி.பி. 79-இல் மறைந்த பிளினி என்னும் அறிஞர், இந்தியா, சீனம், அரேபியா ஆகிய நாடுகட்கு ஆண்டுதோறும் 10 கோடி செஸ்டர்ஸ் நாணயம் தம் பேரரசிலிருந்து சென்றுவிடுகின்றது என்றும், தம் நாட்டாரின் ஆடம்பரத்திற்கும் மகளிர் அணிகலனுக்கும் கொடுக்கும் விலை அது என்றும் எழுதிவைத்தார். வாங்குவோர் நாட்டில் எழுந்த புலம்பல் இது.

விற்போர் நாட்டின் நிலை யாது? அதே நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் என்னும் கடல்வழி நூல் அதனைக் கூறுகின்றது. பாண்டியர்க்குரிய கொற்கைக் கடலில் முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்பது அந்நூலார் தரும் செய்தி. உரோமாபுரியில் ஒருத்தி காதில் தொங்கிய முத்துக்காக, இங்கே ஒருவன் மூச்சடக்கிச் சுறாமீன் உலவும் கடலில் மூழ்கினான். அணிந்தவள் அவன் முகத்தைக் கண்டாளில்லை. மூழ்கியவனும் அவள் காதைக் கண்டானில்லை. நுகர்ச்சி வேட்கையின் முதல் இயல்பு இதுவே என்க. வாங்குவோர்க்கும் அப்பொருள் பிறக்கும் இடத்திற்கும் இடையே நெடுந்தொலைவு உண்டாகின்றது. அத்தொலைவினால் அங்கே நிகழும் துன்பம் இங்கே தோன்றுவதில்லை.

பழையோர் வைத்த வரம்பு

இங்ஙனமாயினும், முத்தும் சங்கும் பல நூற்றாண்டுகள் அறவே அழியாமல் நின்றன. அதற்குக் காரணம் அவற்றை எடுப்பதில் ஒரு வரம்பு இருந்தமையேயாகும்.

முத்துச் சிப்பி முதிர்வதற்கு நான்கைந்து ஆண்டுகள் ஆகும். ஆதலின் ஆண்டுதோறும் குளிப்பு நடைபெறுவதில்லை. முத்துப் பார்களை முன்னரே சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து ஆராய்ந்து, போதிய முதிர்ச்சி கண்டாலன்றிக் குளிப்பை அறிவிப்பதில்லை. அறிவித்த ஆண்டிலும் கடல் அமைதியாயிருக்கும் சில வாரங்களே குளிப்பு நிகழும். இடையே பத்து ஆண்டுகளும் இருபது ஆண்டுகளும் பார் ஓய்ந்து கிடந்ததும் உண்டு.

சங்கிற்கும் அவ்வாறே. நம் கடலில் எடுக்கப்பெற்ற சங்கு வங்காளத்திற்குச் சென்றது. அங்கே டாக்கா முதலிய நகரங்களில் சங்கறுப்போர் அதனை வளையல்களாக அறுத்தனர். மணமான இந்துப் பெண்டிர்க்கு அவ்வளையல் மங்கலப் பொருள். இவ்வாணிகத்தின்பொருட்டுச் சேதுபதி மன்னரும், கீழக்கரை வணிகரும், டச்சுக்காரரும், பின்னர் ஆங்கிலேயரும் தம்முள் உடன்படிக்கைகள் செய்ததும் பிணங்கியதும் வரலாற்றில் காணப்படும். எனினும் தூத்துக்குடிச் சங்குக் குளிப்பில் ஒரு விதி இருந்தது. 2¼ அங்குல விட்டத்திற்குக் குறைந்த சங்கு கைக்கு வந்தாலும் அதனை உயிரோடு கடலில் விட்டுவிடல் வேண்டும் என்பது அது. அளவுபலகையில் நுழைந்துவிடும் இளஞ்சங்கு பிழைத்தது. நுழையாத முதுசங்கு விலையாயிற்று. இளையதை விடுக, முதிர்ந்ததைக் கொள்க என்னும் இவ்வறம், நாள்தோறும் தோட்டத்தில் காய் பறிக்கும் நம் தாய்மார் அனைவரும் அறிந்ததேயன்றோ?

வரம்பு முறிந்தமை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வரம்பு தளரலாயிற்று. 1905-ஆம் ஆண்டில் மன்னார்க் கடலின் இலங்கைக் கரையில் நிகழ்ந்த முத்துக் குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பெற்றன. அப்பெரும் விளைவைக் கண்டு, அடுத்த ஆண்டில் ஆங்கிலக் கும்பினி ஒன்று அம்முத்துப் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. குத்தகைப் பணம் ஆண்டுதோறும் கட்ட வேண்டும். பங்குதாரர்க்கு ஆதாயமும் ஆண்டுதோறும் காட்ட வேண்டும். சிப்பியோ ஆண்டுதோறும் முதிர்வதன்று. 1907-க்குப் பின் பார்கள் வெறுமையாயின. 1912-இல் கும்பினி கலைந்தது. கடலின் நீரோட்டமும் சிப்பியைத் தின்னும் மீன்களும் இவ்வழிவிற்குக் காரணமாகலாம். ஆயினும், இயற்கையின் காலக்கணக்கு வேறு, பங்குச் சந்தையின் காலக்கணக்கு வேறு என்னும் உண்மையை இந்நிகழ்ச்சி தெற்றென விளக்கும். தூத்துக்குடிக் கரையில் 1955 முதல் 1961 வரை நிகழ்ந்த குளிப்புகளே இறுதியாயின. அதன்பின் ஆயிரமாயிரம் ஆண்டுத் தொழில் ஒன்று பழங்கதையாய் முடிந்தது.

முத்திற்குப் பின் பவளப்பாறைக்கு வந்தது கேடு. மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகளை வெட்டி எடுத்துச் சுண்ணாம்பு சுட்டனர், வீடு கட்டினர், ஆலைகட்கும் அனுப்பினர். கடலலையின் வேகத்தைத் தன்மேல் தாங்கித் தீவைக் காக்கும் மதில் அப்பாறை. மதிலைப் பெயர்த்துவிட்டால் கோட்டை நிற்குமோ? அங்கிருந்த 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டும் நீருள் மூழ்கிவிட்டன. 1986-இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பெற்றது. 2001-இல் பவளம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்டது. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலை வந்தபின்னரே, பாறையின் அருமையை மக்கள் கண்ணாற் கண்டு, வெட்டுதலை விட்டனர்.

கடலட்டையின் கதையும் இதனோடொத்ததே. கடலடி மணலை உட்கொண்டு, அதிலுள்ள அழுகற் பொருளைச் செரித்துத் தூய மணலாக வெளியிடும் எளிய உயிர் அது. நம் கரையில் அதனை உண்பார் ஒருவரும் இலர். சீனரும் கீழை நாட்டாரும் விருந்தில் அதனைப் பெருமைக்குரிய உணவாகக் கொள்வர். அவர் செல்வம் பெருகப் பெருக அட்டையின் விலையும் ஏறிற்று. நம் கடலில் அட்டையும் அருகிற்று. 1982-இல் 75 மில்லிமீட்டருக்குக் குறைந்த உலர்ந்த அட்டையை ஏற்றுமதி செய்தல் தடுக்கப்பட்டது. 2001-இல் பிடித்தலே முற்றிலும் தடை செய்யப்பட்டது. ஆயினும் விலை உள்ளவரை களவும் உள்ளது. நம் கரையில் அட்டையோடு பிடிபட்டார் என்னும் செய்தி நாளிதழ்களில் இன்றும் வருகின்றது. பிடிபடுவோர் கூலிக்குச் சென்ற எளியவர். விருந்துண்போர் பெயர் எவ்விதழிலும் வருவதில்லை.

இறால் மோகமும் உடன்பிறந்தார் பூசலும்

மேற்கூறிய மூன்றினும் பெரியது இறாலால் விளைந்த கேடு. 1952-இல் ஐக்கிய நாடுகள் அவை, இந்தியா, நார்வே ஆகியோர் செய்த உடன்படிக்கையால் கேரளக் கரையில் விசைப்படகுத் தொழில் புகுந்தது. மக்கட்கு மலிவான மீன் கிடைக்க வேண்டும் என்பதே அதன் முதல் நோக்கம். ஆனால் அமெரிக்கரும் சப்பானியரும் இறாலுக்கு நல்விலை தரத் தொடங்கியபின், படகுகள் யாவும் இறாலையே தேடின. நம் தமிழ்நாட்டிலும் அரசினர் உதவிப்பணத்தால் விசைப்படகுகள் பெருகி, இராமேசுவரம், மண்டபம் முதலிய இடங்களில் நூற்றுக்கணக்காக நின்றன.

இறால் கடலடியில் வாழ்வது. அதனைப் பிடிக்கும் இழுவைமடி வலை கடலடியை உழுதுகொண்டே செல்லும். நம் பாக்கு விரிகுடாவோ ஆழமற்றது. பெரும்பாலும் 15 மீட்டருக்கு உட்பட்டது. அதன் அடியில் கடற்புல் பரந்து வளர்கின்றது. மீன்குஞ்சும் இறாற்குஞ்சும் அப்புல்லில் ஒளிந்து வளரும். ஆவுளியா எனவும் கடற்பசு எனவும் வழங்கும் சாதுவான பேருயிர் அப்புல்லை மேய்ந்தே உயிர் வாழும். வலை ஒருமுறை இழுபடின் புல்லும் குஞ்சும் ஒருங்கே வருகின்றன. இறாலைப் பொறுக்கிக்கொண்டு, எஞ்சிய சிறு மீனைக் கழிவு மீன் என்று உலர்த்திக் கோழித் தீவனத்திற்கு விற்கின்றனர். சங்கிற்கு அளவுபலகை வைத்த கடலில், குஞ்சிற்குக் கழிவு என்று பெயர் வைத்த காலம் வந்தது.

இதனாற் கெட்டவர் முதலில் நம் நாட்டுப்படகு மீனவரே. வல்லத்திலும் வத்தையிலும் சென்று வலை விரிப்போரின் வலைகள் விசைப்படகால் அறுந்தன. பூசல் முற்றியபின், வாரத்திற் சில நாட்கள் விசைப்படகும் மற்றை நாட்கள் நாட்டுப்படகும் செல்லுதல் என்னும் ஏற்பாடு உண்டாயிற்று. தமிழ்நாட்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் இயற்றப்பெற்றுக் கரையை அடுத்த மூன்று கடல்மைல் நாட்டுப்படகிற்கென்று ஒதுக்கப்பெற்றது. சட்டம் ஏட்டில் உள்ளது. மீறுதல் கடலில் உள்ளது.

நம் பக்கத்துக் கடல் வறண்டபின், படகுகள் கிழக்கே நோக்கின. 1974-ஆம் ஆண்டிலும் 1976-ஆம் ஆண்டிலும் இந்தியாவும் இலங்கையும் செய்த உடன்படிக்கைகளால் இடையே கடலெல்லை வகுக்கப்பெற்றிருந்தது. 1983 முதல் 2009 வரை இலங்கையில் நிகழ்ந்த போரினால் யாழ்ப்பாணத்து மீனவரும் மன்னார் மீனவரும் தம் கடலுக்கே செல்ல இயலாதிருந்தனர். அக்காலத்தில் அக்கடலில் நம் படகுகள் தடையின்றி மீன் பிடித்துப் பழகின. போர் ஓய்ந்து அவர்கள் சிறு படகுகளோடு மீண்டபொழுது, தம் வலைகள் அறுபடுவதைக் கண்டனர். 2017-இல் இலங்கை இழுவைமடித் தொழிலையே சட்டத்தாற் தடை செய்தது. நம் மீனவர் சிறைப்படுவதும், படகுகள் பறிபோவதும், உயிர் இழப்பதும் தீராத துயரமாய் நீள்கின்றன. அச்சிறையும் துப்பாக்கியும் கண்டு நம் நெஞ்சம் பதைக்கின்றது. பதைப்பது தக்கதே. ஆனால் அக்கரையில் வலையிழந்து அழும் தாயும் தமிழிலேயே அழுகின்றாள் என்பதையும் நாம் மறத்தலாகாது. தொலைதூரத்து நாடொன்றில் உணவு மேசையில் வைக்கப்பெற்ற ஒரு தட்டு இறால், ஒரே மொழி பேசும் இரு கரையாரைப் பகைவராக்கிவிட்டது. வேட்கையின் கொடுமையை விளக்க இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

நம் ஊர்க்கே வந்த வினா

இதுகாறும் கூறியவற்றில் வாங்கியவர் பிறர். நிற்க. இனி நாமே வாங்குவோராய் நிற்கும் இடத்திற்கு வருவோம்.

நம் உப்பூரில் 800 மெகாவாட் திறனுள்ள இரண்டு அலகுகள் கொண்ட அனல்மின் நிலையம் அமைக்கத் தமிழ்நாடு மின் உற்பத்திக் கழகம் திட்டமிட்டதை நம் அன்பர் யாவரும் அறிவர். நிலக்கரி எரியும், சாம்பல் குவியும், குளிர்விக்கக் கடல்நீர் எடுத்து மீளவும் கடலில் விட வேண்டும். உழவரும் மீனவரும் தம் வாழ்வு கெடும் என்று எதிர்த்தனர். 2021-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அத்திட்டத்தின் சுற்றுச்சூழல் இசைவை நிறுத்திவைத்தது.

அவ்வழக்கின் நியாயங்களை ஈண்டு ஆராயப் புகவில்லை. நாம் கேட்பது ஒரு வினா. அம்மின்சாரம் யாருக்கு வேண்டியிருந்தது? நகரத்து மாளிகைக்கு மட்டுமன்று. நம் இல்லங்களிலும் இரண்டு தொலைக்காட்சிப் பெட்டி, அறைதோறும் குளிர்பதனப் பொறி, விழா நாளில் விடிய விடிய எரியும் வண்ண விளக்கு என்று தேவை வளர்ந்துகொண்டே செல்கின்றது. மின்சாரம் வேண்டும், மின் நிலையம் மட்டும் வேறு ஒருவர் ஊரில் இருக்க வேண்டும் என்று நாம் கூறின், பிளினி காலத்து உரோமரினின்றும் நாம் எவ்வகையில் வேறுபட்டவர்? நிலக்கரிப் புகையால் உலகு வெம்மையுறுகின்றது. கடல்நீர் சூடேறி 2010-இலும் 2016-இலும் மன்னார் வளைகுடாப் பவளம் வெளுத்து மடிந்தது. எங்கோ எரியும் அடுப்பின் சூடு நம் கடலடியைச் சுடுகின்றது.

ஓலைக்கொட்டானும் பிளாஸ்டிக்கும்

சேது நாடு பனை நாடு. பதநீரும் கருப்பட்டியும் உணவு, ஓலை கூரை, நார் கயிறு, மட்டை வேலி. மீன் கொணரப் பெட்டி, நெல் அளக்கக் கடகம், பண்டம் வைக்கக் கொட்டான் யாவும் ஓலையால் முடைந்தவை. வலையோ பருத்தியும் சணலும். இவை பழையனவாகி எறியப்படின், மண் அவற்றைத் தின்று எருவாக்கும். ஆதலின் நம் முன்னோர்க்குக் குப்பை என்பது எருவின் மறுபெயரேயாகும்.

இங்கிலாந்தில் 1933-இல் பாலிதீனும், அமெரிக்காவில் 1935-இல் நைலானும் கண்டுபிடிக்கப்பெற்றன. வலுவும் மலிவும் உடைய பொருள்கள்; அவற்றால் மீனவர்க்கும் உழவர்க்கும் விளைந்த நன்மை சிறிதன்று. அறுந்து கடலில் விழுந்த நைலான் வலையோ மட்குவதில்லை. பவளப்பாறையில் சிக்கிக் கிடந்து, எடுப்பார் இன்றியே மீனையும் ஆமையையும் கொல்கின்றது. பிளாஸ்டிக் பை வெயிலிற் பொடிந்து நுண்துகளாகி மீன் வயிற்றிற் புகுகின்றது. மன்னார் வளைகுடா மீனிலும் அத்துகள்களை ஆய்வாளர் கண்டுள்ளனர். முன்னே கடலினின்றும் எடுத்துச் சென்றது வேட்கை. இன்று கடலில் கொண்டுவந்து கொட்டுவதும் அதுவே. இராமேசுவரம் அக்கினி தீர்த்தத்தில் நீராடி உடுத்த துணியை அலையில் விட்டுச் செல்வார் பலர். பாவத்தைக் கடலில் விடலாம் என்பர் பெரியோர். பாலியெஸ்டர்ச் சேலையையும் விடலாம் என்று எந்நூலும் கூறியதில்லை.

தமிழ்நாட்டரசினர் 2019 சனவரி முதல் நாள் தொடங்கி, ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தனர். பந்தியில் விரிக்கும் தாளும், குவளையும், உறிஞ்சு குழலும், தூக்குப் பையும் அவற்றுட் சேர்ந்தவை. 2021 திசம்பரில் மஞ்சட் பையை மீளக் கொணரும் இயக்கமும் தொடங்கப்பெற்றது. ஆணை பிறந்துவிட்டது, அதற்கு உயிர் கொடுக்க வேண்டியவர் நாமே.

உரோமர் இடத்தில் நாம்

ஈண்டு நம் குலத்தார் யாவரும் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. முன்னொரு காலத்தில் நம் முத்துக்காக உரோமர் பொன் நம் நாட்டிற்கு வந்தது. இன்றோ ஆண்டுதோறும் பல நூறு டன் பொன்னை அயல்நாடுகளிலிருந்து இந்தியா விலை கொடுத்து வாங்குகின்றது. அதில் பெரும்பங்கு திருமண நகையாகின்றது. பிளினி அன்று புலம்பிய புலம்பலை இன்று நம் வீட்டுத் தந்தைமார் மனத்துள்ளே புலம்புகின்றனர்.

ஆசிரியத் தொழிலில் இருபது ஆண்டுகளாக நாம் கண்டுவரும் காட்சி இது. நன்கு படிக்கும் பெண்ணொருத்தி பள்ளியிறுதி வகுப்போடு நின்றுவிடுகின்றாள். காரணம் வினவின், அவள் தமக்கையின் திருமணக் கடன் என்பர். அத்திருமணத்தில் அறுசுவைக்கு மேலும் பதின்சுவை படைத்தனர்; பாதி இலையிலே எஞ்சிற்று. தண்ணீர் புட்டிகள் ஆயிரம் உருண்டன. மணமக்கள் உருவம் தாங்கிய பெரும்பலகைகள் சாலையோரம் நின்றன. மூன்றாம் நாள் பலகையும் புட்டியும் ஓடையிற் கிடந்தன. ஓடை மழைக்காலத்தில் கடலை அடைந்தது. கடனோ வீட்டிலேயே தங்கிற்று. ஓடையில் மிதந்த குப்பையும் அப்பெண்ணின் நின்றுபோன படிப்பும் ஒரே விழாவின் இரு எச்சங்கள் ஆகும்.

இவ்வாறு செலவிடுவோர் அறிவிலாதார் அல்லர். சென்ற திங்கள் செல்வர் ஒருவர் இல்லத்துத் திருமணம் எவ்வாறு நடந்ததோ, அவ்வாறே தாமும் நடத்தாவிடின் ஊரார் இகழ்வர் என்று அஞ்சுவோர் அவர். விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்பது அவரும் அறிந்த பழமொழியே. ஆயின் ஊரார் பார்வை அவ்வறிவை மறைத்துவிடுகின்றது. அச்சத்தால் எழும் செலவிற்கு வரம்பில்லை.

ஒரு தடையும் விடையும்

இங்கே சிலர் ஒரு தடை எழுப்புவர். "நெடுங்காலம் இல்லாமையில் உழன்ற நம் மக்கள் இப்பொழுதுதான் சிறிது உண்ணவும் உடுக்கவும் தொடங்கினர். அவரைப் பார்த்துப் போதும் என்பது முறையோ?" என்பர். நியாயமான வினாவே. தாய்மாரின் கைவலியைத் தீர்க்கும் அரைக்கும் பொறியையும், மாணவன் படிக்கும் விளக்கையும், மீனவனுக்குப் புயலறிவிக்கும் கைப்பேசியையும் நாம் குறை கூறவில்லை. அவை உப்பைப் போன்றவை. தேவை நிறைந்ததும் அமைவன. நாம் குறை கூறுவது, பிறர் கண்ணுக்காக வாங்கி, ஒருநாள் வைத்திருந்து, மறுநாள் எறியும் பொருளை. மேலும், வரம்பு வைத்தல் ஏழையிடத்தில் தொடங்கலாகாது. இறால் விலையால் மாளிகை கட்டியவரும், நகை வாணிகத்தாற் செழித்தவரும், பெரிய சம்பளம் பெறுவோரும் உள்ள நம் குலத்தில், முதலிற் குறைத்துக்கொள்ள வேண்டியவர் அவர்களே. பெரியவர் வீட்டுப் பந்தி சுருங்கினால், சிறியவர் வீட்டுக் கடன் தானே சுருங்கும்.

சங்கத்தார் செய்யத்தக்கன

குலச் சங்கங்கள் பல தோன்றிய நாளில், திருமணச் செலவைக் குறைத்தலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதலும் அவற்றின் முதற் கடமைகளாய் இருந்தன. அக்கடமையை நாம் மீளவும் கையில் எடுத்தல் தகும். சங்கக் கூட்டத்தில் ஆராய்வதற்காகச் சிலவற்றைக் கூறுகின்றோம்.

சங்க மண்டபத்தில் நிகழும் விழாக்களில் வாழையிலையும், பித்தளை அல்லது எவர்சில்வர்க் குவளையுமே வழங்குதல் வேண்டும். குவளைகளைச் சங்கமே வாங்கி வைத்துக் குறைந்த வாடகைக்கு ஈயலாம். தாம்பூலத்தை ஓலைக்கொட்டானில் வைத்துத் தரின், பனையோலை முடையும் நம் ஊர்ப் பெண்டிர் பலர்க்குப் பிழைப்பு உண்டாகும். பந்திக்கு இத்துணைப் பதார்த்தம் என்று ஓர் எண்ணை வகுத்துச் செல்வர் முதல் எளியர் வரை யாவரும் கைக்கொள்ளலாம். வழிமறித்து நிற்கும் பெரும்பலகைகளை அறவே விடலாம். இவற்றால் மிஞ்சும் பொருளில் ஒரு பகுதியைச் சங்கத்தின் கல்வி நிதிக்கு மணவீட்டார் வழங்குவராயின், கடனால் படிப்பு நின்ற பெண்மக்கள் சிலரேனும் மீண்டும் பள்ளி புகுவர்.

இவை சிறியன என்று இகழற்க. 2¼ அங்குலத் துளையுள்ள ஓர் அளவுபலகையும் சிறியதே. அதுவே சங்கினத்தை வாழவைத்தது. பிறர் வேட்கைக்கு நம் கடல் இரையானபொழுது நாம் தடுக்கும் வலியற்றவராய் இருந்தோம். இன்று வேட்கை நம் வீட்டினுள் இருக்கின்றது. அதனைத் தடுக்கும் வலியும் நம்மிடமே இருக்கின்றது. வருகின்ற தை முகூர்த்தங்கட்கு முன்னரே நம் சங்கத்தார் கூடி, இவ்வரம்பை வகுத்துக்கொள்வாராக. முதல் திருமணத்தை நடத்தும் பெருமை எவ்வில்லத்தார்க்கு வாய்க்கும் என்று காண நாம் ஆவலோடு காத்திருக்கின்றோம்.